கடைசிப் பதினாறு பக்கங்கள்

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் எனக்குக் கிடைத்தது. கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே மருத்துவரும் அவர் மனைவியும் ஒரு நாவலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வலி மறந்துவிட்டது.

2

கோடையில் நாவல் படிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர்...

[வேண்டாம், கட்டுரையாகிறது.]

மருத்துவர் அந்தக் கோடை முழுக்க நாவல்களாகப் படித்துத் தள்ளினார். ஊசி போட்டு, நோயாளியின் வாய் மரத்துப்போகும் இடைவெளியில்கூட இரண்டு பக்கம் புரட்டிவிடுவார். ரசித்தவற்றைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். முதலிடம் தன் அண்ணியின் முதல் நாவலுக்கு.* ‘முடிவில் கதாநாயகி அதே மாடிப்படியில் மீண்டும் ஏறுகிறாள். அதே சொற்கள், அதே காற்புள்ளிகள். என்ன துணிச்சல்!’

* அண்ணியாக இல்லாவிட்டாலும் இப்படித்தான் எழுதியிருப்பார் என்று நான் நம்புகிறேன். அவர் மனைவி நம்பவில்லை.

3

கட்டுரை வெளிவந்த அன்று மனைவி பத்திரிகையோடு கிளினிக்குக்கே வந்துவிட்டார்.

“எந்த மாடிப்படிங்க? கடைசியில அவ வீட்டை வித்துட்டுக் கப்பல்ல போறா.”

“கப்பலா?”

“கடைசிப் பதினாறு பக்கமும் கப்பல்தான். படிக்காமலே அளந்துவிட்டிருக்கீங்க.”

“ஒரு வரி விடாம படிச்சேன்மா.”

மருத்துவர் இழுப்பறையிலிருந்து தன் பிரதியை எடுத்து நீட்டினார். பைண்டிங்கில் கடைசிப் பதினாறு பக்கக் கட்டுக்குப் பதில், முதல் கட்டையே மறுபடியும் சேர்த்துத் தைத்திருந்தார்கள்.

மனைவி புரட்டினார். “தலைப்பு, விலை, பதிப்பாளர் ஃபோன் நம்பர் எல்லாம் திரும்ப வருதே. கவனிக்கலையா?”

“கவனிச்சேன். அதுவும் உத்தின்னு நெனச்சேன்.”



“சாயங்காலம் உங்க அண்ணி நம்ம வீட்டுக்கு வர்றாங்க” என்றார் மனைவி. “பாராட்டினது பொய்யான்னு கேப்பாங்க. என்ன சொல்லப்போறீங்க?”

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பிரதியைக் காட்டுகிறார். பொய்யர் இல்லை என்று நிரூபணமாகிறது. அன்றிலிருந்து குடும்பத்தில் அவர் பெயர் ‘உத்தி’.

மறைத்துவிடுகிறார். ஒரு வரி விடாமல் படித்தவர், படிக்காமல் பாராட்டியவராகிறார்.

அண்ணி வந்து, “தம்பி, உங்க கட்டுரையைப் பார்த்துட்டு, அடுத்த பதிப்புல கப்பலைத் தூக்கிடலாம்னு பதிப்பாளர் சொல்...

[நடந்தாலும் நடந்துவிடும். அடித்துவிட்டேன்.]

என் முறை வந்தது. ஊசி போட்டார். அன்று புத்தகம் எடுக்கவில்லை.

“நீங்க படிக்கிறவர் மாதிரி இருக்கீங்க, சொல்லுங்க. காட்டட்டுமா, வேண்டாமா?”

என் வாய் மரத்துப்போய்விட்டது. உள்ளே பஞ்சு வேறு.

உங்களுக்கு வாய் நன்றாகத்தானே இருக்கிறது?