செருப்பு வரிசை

இரவெல்லாம் சிமெண்ட் மூட்டை இறக்கியதில் லோடுமேனுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். சங்க அட்டையைக் கம்ப்யூட்டரில் புதுப்பித்துவிட்டுப் போவோம் என்று நூலகத்துக்கு வந்து தொலைத்தான். அட்டைக்கு இன்னும் ஒரு மாதம் கெடு இருந்தது.

அந்தக் கிளை நூலகத்தில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். கதவு திறக்குமுன் வருகிறவர்கள் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். தெருவில் நாலு பாஷைக்காரர்கள். ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாது. செருப்பு வரிசைக்கு மட்டும் எல்லோரும் கட்டுப்பட்டார்கள்.

முதலில் கிடந்தது ஊதா வார் வைத்த சின்னச் செருப்பு. சுற்றிலும் ஆளில்லை. லோடுமேன் தன் செருப்பைக் கழற்றி அதற்கு முன்னால் தள்ளினான்.

கதவு திறந்ததும் ஊதாச் செருப்புக்காரி வந்தாள். பக்கத்து ஆடைக் கம்பெனியில் தையல் வேலை.

“நான்தானேண்ணே முதல்ல விட்டேன்?”

“தூக்கக் கலக்கமா இருக்கும், தங்கச்சி.”

“இருக்கும், இருக்கும். ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தேன்.” சிரித்தாள்.

அவன் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடிக் குத்தினான்.

“மெதுவாண்ணே, அது மூட்டை இல்ல,” என்றார் நூலகர் அம்மா. பிறகு தையல்காரியிடம், “நீ ஏம்மா தவிக்கிற?”

“ஆஸ்பத்திரி வேலைக்கு மனு போடணும் மேடம். இன்னிக்கு மத்தியானத்தோட முடியுது. கம்பெனியில ஒரு மணி நேரம்தான் விட்டிருக்காங்க.”

“அவரைக் கேளேன்.”

“வேணாம் மேடம். முறைன்னா முறைதான்.”

அவன் காதில் எல்லாம் விழுந்தது. எழுந்தால் முதலிலிருந்து அடிக்க வேண்டும். “இதோ, முடிஞ்சிடுச்சு,” என்று திரும்பாமலே சொன்னான். முடியவில்லை.

அவள் போன் அலறியது. சூப்பர்வைசர்.

“வரேன் சார், வந்துட்டே இருக்கேன்.” போனை இடுப்பில் செருகினாள். “போறேன் மேடம். இருக்கிற வேலையும் போயிட்டா நடுத்தெருதான்.”

லோடுமேன் வாசல்வரை ஓடினான்.

“தங்கச்சி!”

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல. பார்த்துப் போ.”

இப்போதும் கம்பெனி வாசலில் பார்த்தால், “அட்டை வந்துச்சாண்ணே?” என்று அவள்தான் முந்திக்கொண்டு கேட்கிறாள். வந்துவிட்டது. சட்டைப் பையில் முள்ளாக உறுத்துகிறது. அதனால் சுற்றுவழியாகப் போகப் பழகிக்கொண்டான்.

முதலில் வந்தவள் நீதான், தள்ளிவிட்டவன் நான். அந்த ஒரு வார்த்தையை அவளுக்கு அவன் இன்னும் பாக்கி வைத்திருக்கிறான்.