மாப்பிள்ளை இல்லாமல் எழுந்த மிஷின்

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அறுக்கும் அந்தப் பட்டறையில் அவனுக்கு மாப்ள என்றுதான் பெயர். முதலாளி அவன் மனைவியின் அண்ணன். அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே மாப்ளயாகிவிட்டான். ஆர்டர் எழுதுவது, வாடிக்கையாளர்களின் கண் அளவுகளை வைத்திருப்பது, அறுக்கும் மிஷினுக்கு அனுப்புவது எல்லாம் ஒரே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அது அவனைத் தவிர யாருக்கும் மசியாது. மக்கர் பண்ணினால் சாப்பிட்ட கை காய்வதற்குள் ஓடி வரவேண்டும். ஓடி ஓடி ஓய்ந்து போயிருந்தான் மனுஷன்.

மனைவிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, மகளோடு போய் நாலு மாதமாகிறது. அவனும் கூடப் போயிருக்க வேண்டியவன்தான். "நீ போயிட்டா இதை யாரு மாப்ள பாக்குறது?" என்று மச்சான் ஒரே பிடியாய் நின்றார். தங்கச்சியும் நன்றாக வாழவேண்டும், தங்கச்சி புருஷனும் இங்கேயே கிடக்கவேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. கடைசியில் தங்கச்சி போனில் போட்ட சத்தத்தில் இறங்கி வந்தார். ஆனாலும் ஒரு நிபந்தனை. ஓரங்கட்டியிருந்த இன்னொரு கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்துவிட்டு, ராத்திரிதோறும் தனி டிஸ்க்கில் ஏறும் பேக்கப் நகலிலிருந்து எல்லாவற்றையும் பில் போடும் அக்கா மீட்டுக் காட்டவேண்டும். மாப்ள வாயைத் திறக்கக் கூடாது. கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவன் மூட்டை கட்டலாம்.

சனிக்கிழமை மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் சுற்றி நின்றார்கள். அக்கா பென்டிரைவைச் செருகிக் கம்ப்யூட்டரைக் கிளப்பினாள். பேக்கப் டிஸ்க்கை இணைத்தாள். அழிக்கப் போவது சரியான டிஸ்க்தானா என்று மறுபடி மறுபடி பார்த்தாள். அவன் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு, தூங்கி விழாமல் இருக்கப் பாடுபட்டான்.

"என்னக்கா, இது இன்னிக்கு முடியுமா, இல்ல பாயைக் கொண்டு வரட்டுமா?" என்றார் லென்ஸ் அறுப்பவர்.

"சும்மா இருங்க, நானே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

ஒருவழியாக நகல் ஏறி முடிந்தது. பென்டிரைவை உருவிவிட்டு மறுபடி கிளப்பினாள். திரை இருண்டது, எழுத்துகள் ஓடின, வெளிச்சம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

திரையின் பின்னணியில் அவன், மனைவி, மகள், மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் மனசு குளிர்ந்தது. அடுத்த நொடியே உறைத்தது. மனைவி கிளம்பிப் போன அன்றைக்கே, பார்க்கப் பொறுக்காமல், அந்தப் படத்தை ஆர்டர் கம்ப்யூட்டரிலிருந்து அவன் நீக்கியிருந்தான். அப்படியானால் இது அதற்கு முந்தைய நகல்.

அவள் போன அந்த வாரம்தான் பட்டறைக்கு வெள்ளையடித்தார்கள். பேக்கப் டிஸ்க்கைக் கழற்றித் திரும்ப மாட்டியது அவன்தான். வீடு காலியாகிப்போன துக்கத்தில், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டதா என்று பார்க்கவில்லை. டிஸ்க்கைக் கண்டுகொள்ளாத அதுவும் தன்பாட்டுக்கு ராத்திரிதோறும் தன் வயிற்றுக்குள்ளேயே நகல் எடுத்துவைத்து, காலையில் 'வெற்றி' என்று எழுதிக்காட்டியது. அவனும் நம்பினான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? கம்ப்யூட்டர் செத்தால் நகலும் கூடவே சாகும்.

"எந்திரிச்சிருச்சு மாப்ள! போயிட்டு வா," என்று மச்சான் முதுகில் தட்டினார். ஆர்டர் பட்டியலை யாரும் திறந்து பார்க்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளைக்கு மகளோடு இருக்கலாம். அவனுக்கு அழுகை வந்தது. ஆனால் என்றைக்காவது, தினமும் ஓடுகிற நிஜ கம்ப்யூட்டர் விழும். அன்றைக்கு இதே நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருப்பாள். பழி அவள் தலையில் விழும்.

"மச்சான், இது பழசு," என்றான். "நாலு மாசமா பேக்கப்பே ஆகல. நான்தான் கவனிக்கல."

நடந்ததைக் கேட்கக் கேட்க மச்சானின் முகம் கறுத்தது. "பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன். உன்னை எப்படி அனுப்புறது?"

அக்கா நாற்காலியைத் திருப்பினாள். "முதலாளி, பரீட்சை எனக்கா, தம்பிக்கா? டிஸ்க்ல இருந்ததை நான் ஒழுங்கா எழுப்பிட்டேன். தம்பி இங்க இருக்கும்போதுதானே நாலு மாசம் கோட்டை விட்டுச்சு? இருந்து என்ன கிழிச்சுது? அனுப்பி விடுங்க. புதுசா ஒரு பேக்கப் எடுத்து இன்னொரு தடவை நானே எழுப்பிக் காட்டுறேன்."

யாரோ சிரித்தார்கள். மச்சான் தலையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான்," என்றார்.

அவனுக்குச் சுருக்கென்றது. நாம் இல்லாவிட்டால் இந்தப் பட்டறையே நின்றுபோகும் என்று சலித்துக்கொண்டே, அதைத்தான் இத்தனை வருஷமாகப் பெருமையாகவும் வைத்திருந்தான். எழுந்து டிஸ்க்கை நிஜ கம்ப்யூட்டரில் ஒழுங்காக இணைத்துக் கொடுத்தான். மிச்சத்தை அக்கா பார்த்துக்கொண்டாள்.

வாசலுக்கு வந்து மனைவியைப் போனில் கூப்பிட்டான்.

"நாளைக்கு வரேன்."

"அண்ணன் விட்டுட்டாரா?"

"நான் இங்க வேண்டாமாம்."

"இங்க ஒத்த ஆளா என்னால முடியலைங்க," என்றாள். "சீக்கிரம் வாங்க."