ஸ்டோரில் கொடுத்த சாவி

கம்பெனி ஸ்டோர் ஜன்னலுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். முதல் நாள் வேலை. ஸ்டோர்காரர் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். மேல்கோட்டு, கண்ணாடி, மெஷினில் சீவி விழும் இரும்புச் சுருளைத் தள்ளுவதற்கு ஒரு பிரஷ். கோட்டு யாரோ போட்டுத் துவைக்காமல் விட்டுப்போனது. கக்கத்தில் வேர்வை உப்புப் பூத்து, மெஷினில் ஊற்றும் கூலண்ட் தண்ணி ஊசிப்போன நாற்றம் அடித்தது. வருஷக்கணக்காகப் புருஷன் உடம்பில் வீசிய நாற்றம்தான், ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதை மாட்டினாள்.

"நெட்டையன் பொண்டாட்டிதானே நீ?" என்றார் ஸ்டோர்காரர்.

"ஆமாண்ணே."

"அப்போ அவன் மெஷின்தான் உனக்கு." சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஒன்றிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு எஃகுத் துண்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "இதையும் வாங்கிக்க. ஷிப்டு முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும். தொலைச்சா சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க, சொல்லிட்டேன்."

"என்னண்ணே இது?"

"பொய்ச்சாவிம்போம். மெஷின் கதவுல இதே மாதிரி ஒரு நாக்கு இருக்கும். கதவை மூடினா அது போய் ஒரு ஓட்டைல நுழையும். நுழைஞ்சாத்தான் கட்டர் சுத்தும். இதை அந்த ஓட்டைல சொருகிட்டா கதவு மூடியிருக்குன்னு மெஷின் நம்பிடும். நீ பாட்டுக்குத் திறந்து போட்டு ஓட்டலாம். இது இல்லாம எவனுக்கும் டார்கெட் வராதும்மா."

அவள் திருப்பிப் பார்த்தாள். கம்பெனி முத்திரையும் மெஷின் நம்பரும் எஃகில் குத்திப் பதித்திருந்தது. பலகையில் ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் பெயிண்டில் நம்பர். கை சாவியை வாங்கிக்கொண்டது. முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

சூப்பர்வைசருக்கு ஷெட்டில் சர்க்கரை என்று பெயர். அந்த வியாதி ஒன்றும் கிடையாது, பேச்சுதான் அப்படி. ஆஸ்பத்திரியில் புருஷன் கிடந்த கட்டிலின் கால்மாட்டில் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த ஆள் பேசியதெல்லாம் அவளுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. "தங்கச்சி, உன் வீட்டுக்காரன் நல்ல வேலைக்காரன்தான், இல்லைங்கலை. ஆனா கொழுப்பு. எங்கேயோ வெளியில இருந்து ஒரு சாவியைக் கொண்டுவந்து சொருகிக் கதவைத் திறந்து போட்டிருக்கான். கையுறையோட சேர்த்துக் கட்டர் இழுத்துடுச்சு. தப்பு அவன் பேர்ல இருக்கு, நஷ்ட ஈடு கேக்க வழியில்லை. ஆனாலும் முதலாளிக்கு மனசு கேக்கலை. அவன் இடத்துல உனக்கு வேலை போட்டுக் குடுக்கச் சொல்லிட்டார்."

வலது கையில் மூன்று விரல் போயிருந்தது. அரசாங்கத் தொழிலாளர் ஆபீசர் வந்து, சாவியை நீதான் கொண்டுவந்தாயா என்று கேட்டபோது புருஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றார். ஆபீசர் வெளியே வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "கம்பெனியே குடுத்ததுன்னு காட்ட ஏதாவது இருந்தா என் ஆபீசுக்குக் கொண்டு வாம்மா" என்றார். அவள்தான், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க சார், இவருக்குத்தான் திமிர்" என்று சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? சர்க்கரையைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்கு வந்து, அவருக்கு ஊட்டிவிடும்போதெல்லாம் வாய்க்கு வாய் திட்டினாள். "உங்களை எவன் அதைக் கொண்டுபோய்ச் சொருகச் சொன்னான்? நாலு பேரை மாதிரி ஒழுங்கா வேலை பார்த்தா என்ன, கை அரிச்சுதா?" அவர் தலையைக் குனிந்துகொண்டு வாயை மட்டும் திறப்பார்.

முதல் நாள் வேலையை அந்தச் சர்க்கரையே சொல்லிக்கொடுத்தார். மெஷினுக்குள் மேசை மேல், துண்டைக் கவ்விப் பிடிக்கப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிடிகள் இருந்தன. வார்ப்புத் துண்டை வைத்து இறுக்கிப் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டியதுதான்.

"அந்தப் பக்கம் கட்டர் ஓடிக்கிட்டிருக்கும்போதே இந்தப் பக்கம் முடிஞ்சதைக் கழட்டிப் புதுசை மாட்டிடணும் தங்கச்சி. மெஷின் சும்மா நிக்கவே கூடாது. உன் வீட்டுக்காரன் கை உள்ள போய்ட்டு வர்றதே தெரியாது. என்ன வேகம்ங்கறே! அப்படி ஒரு ஆள் இனிமே எனக்குக் கிடைக்க மாட்டான்."

"ஆஸ்பத்திரியில கொழுப்புன்னு சொன்னீங்களே சார்?"

அந்த ஆளுக்கு முகம்கூடச் சுருங்கவில்லை. சிரித்தார். "அது ஆபீசருக்கும்மா. நீ இப்போ நம்ம வீட்டுப் பொண்ணு. உன்கிட்ட எதுக்கு ஒளிக்கணும்?" தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தட்டின இடத்தில் பல்லி விழுந்தது போல இருந்தது. எண்ணெய்க் கறை வேறு. சீ, இதுவும் ஒரு ஜென்மமா! வாயில் ஊறிய எச்சிலைத் துப்ப இடமில்லாமல் விழுங்கினாள். அந்த ஆளைக் கும்பிட்ட தன் கையைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கி வீட்டில் இருந்த புருஷனுக்குப் போன் போட்டாள்.

"சாவியை ஸ்டோர்லதான் குடுத்தாங்களா?"

"உனக்கும் குடுத்துட்டாங்களா?"

"ஏன் என்கிட்ட சொல்லலை? நான் அவ்வளவு பேசினேனே, பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நானே கொண்டுவந்தேன்னு ஒத்துக்கிட்டா உனக்கு வேலைன்னாரு சர்க்கரை. இல்லைன்னா ஒண்ணுமே கிடையாதுன்னாரு. உண்மை தெரிஞ்சா நீ அந்த வாசலை மிதிப்பியா?" பிறகு அவசரமாகச் சொன்னார். "அதைச் சொருகாதே. கதவை மூடிக்கிட்டே ஓட்டு. டார்கெட் குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போகுது."

கதவை மூடியேதான் ஓட்டினாள். கட்டர் நிற்கும்வரை காத்திருந்து, திறந்து, சுருளைத் தள்ளி, மாட்டி, மறுபடி மூடினாள். பக்கத்து மெஷின்களில் எல்லாக் கதவும் ஆவென்று திறந்து கிடந்தன. கூலண்ட் தெறித்து ஆட்களின் சட்டை நனைந்திருந்தது. சர்க்கரை வந்து அவள் பெட்டியில் கிடந்த துண்டுகளைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "இன்னிக்கு முதல் நாள், விடறேன். நாளைக்குச் சாவி உள்ள இருக்கணும். முடியாதுன்னா சொல்லிடு, உன் இடத்துக்கு வெளிய ஆள் நிக்குது."

அதற்கப்புறம் அவளுக்கு வேலையில் கண் போனதே தவிர மனசு போகவில்லை. இந்த வேலையும் போனால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. வாயை மூடிக்கொண்டு வேலையில் இருந்தால், காலத்துக்கும் புருஷன் திமிர் பிடித்தவர், மூன்று விரலுக்குச் சல்லிக்காசு கிடையாது, நாளையிலிருந்து அவள் கையும் அதே கட்டருக்குப் பக்கத்தில். அத்தாட்சி கேட்ட அந்த ஆபீசரின் ஆபீஸ், பஸ் போகிற வழியில்தான் இருந்தது. ஷிப்டு முடிந்து சங்கு ஊதியபோது சாவியைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடி, ஸ்டோர் ஜன்னலைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஸ்டோர்காரருக்கு ஒரு ஆணி காலியாக இருந்தால் போதாதா? அவள் கேட்டுக்கு வருவதற்குள் காவல்காரருக்குப் போன் வந்துவிட்டது. டப்பாவைத் திறக்கச் சொன்னார். காய்ந்துபோன சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவில் சாவி கிடந்தது. வெளியே போகிறவர்களும் உள்ளே வருகிறவர்களும் சுற்றி நின்றுவிட்டார்கள். சர்க்கரை மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்ன தங்கச்சி இது? கம்பெனி சாமானை வெளிய கொண்டுபோகலாமா?"

"கம்பெனி சாமானா? இன்னொரு தடவை சொல்லுங்க சார், எல்லாரும் கேக்கட்டும்." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "என் புருஷன் இதை வெளியில இருந்து கொண்டுவந்தாராம். நான் இதை உள்ள இருந்து திருடிட்டேனாம். ஒரே சாவி! உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா? உங்க பையிலயும் இருந்த சாவிதானே? ஒருத்தராவது சொல்லுங்களேன்."

ஒருத்தர் செருப்பைப் பார்த்தார். ஒருத்தர் போனை எடுத்தார். புருஷனுக்கு விரல் போன அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடின ஆளும் அந்தக் கும்பலில் இருந்தார். பஸ் போய்விடும் என்று யாரோ முணுமுணுக்க, கும்பல் அவளை விட்டு விலகி, கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயுமாகக் கலைந்தது.

சர்க்கரையின் குரலில் இப்போது இனிப்பு இல்லை. "திருட்டுன்னு எழுதிக்கய்யா" என்றார் காவல்காரரிடம். "நாளையிலிருந்து உள்ள விடாதே."

"சார்," என்றான் அவள் மெஷினுக்கு அடுத்த ஷிப்டு வந்தவன், பின்னாலிருந்து. "லேட்டாகுது. சாவி?"

சர்க்கரை டப்பாவிலிருந்து சாவியை எடுத்தார். ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைக் கைக்குட்டையால் துடைத்து அவன் கையில் கொடுத்தார். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், நடந்துகொண்டே சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.