பொன்னுரங்கத்தின் அயோடின் புட்டி

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த மேல்நிலைப் பள்ளியில் பொன்னுரங்கத்துக்கு உயிரியல் சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை. உத்தரவில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் பத்தொன்பது வருஷமாக அவர் செய்தது வேறு. உணவுச் சோதனை நாளில் கந்தசாமி வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். "யோவ் பொன்னுரங்கம், போடுய்யா" என்பார். பொன்னுரங்கம் பழுப்புப் புட்டியைத் திறந்து, மரவள்ளிக் கிழங்குத் துண்டின் மேல் ஒரே ஒரு சொட்டு அயோடின் விடுவார். வெள்ளைக் கிழங்கு மசி மாதிரி கறுத்துப்போகும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் வாத்தியாருக்கு இல்லை, தனக்குத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அஞ்சாம் வகுப்போடு நின்ற மனுஷன். வேறு எங்கே, யார் அவருக்குக் கை தட்டப் போகிறார்கள்?

ஆனி மாசம் கந்தசாமி ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு மணிமொழி வந்தாள். இருபத்தாறு வயசுதான் இருக்கும். வந்த வாரமே, "அண்ணே, சொட்டுவிடறதப் புள்ளைங்க கையில குடுத்திடுங்க. அதுங்களே விட்டாத்தான் மனசுல நிக்கும்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மரியாதையாகப் பேசிப் பிடுங்குகிறவர்களை நம்பவே கூடாது. திட்டிப் பிடுங்கினால் சண்டையாவது போடலாம்.

வீட்டில் போய்ப் பொருமினார். மனைவி செவ்வந்தி சாமையைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு படிச்சிட்டு வந்திருக்குது. நீ கொழா கழுவுற ஆளு. உனக்கும் அதுக்கும் இன்னாய்யா போட்டி?"

"போட்டி இல்லடி. புள்ளைங்க ஜாஸ்தி ஊத்திடும்."

"ஊத்தினா ஊத்தட்டும். உன் வூட்டுக் கொழம்பா?"

அது எண்பத்தேழாம் வருஷம். புரட்டாசியில், இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. பள்ளி திறந்த முதல் நாளும் கள்ளக்குறிச்சி ரோட்டில் பாதி மரம் அப்படியே கிடந்தது. அன்றைக்குத்தான் மணிமொழி பதினோராம் வகுப்புக்குப் பெருமூலக்கூறுகள் பாடம் எடுத்தாள். தரசம் என்கிற மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று உடம்பைக் கட்டுகிற பெரிய சரக்குகளின் பாடம் அது. மேசையில் கல்வராயன் மலைக் கிழங்கு, கரும்புச் சாறு, முட்டை, மல்லாட்டைக் கடலை எண்ணெய் எல்லாம் தயாராக இருந்தன.

அயோடின் மட்டும் இல்லை. அலமாரியில் மிச்சமிருந்த ஒரே புட்டியைப் பொன்னுரங்கம் காலையிலேயே எடுத்து வேட்டி மடியில் சொருகிக்கொண்டிருந்தார். அவர் யோசனை இதுதான்: அவள் தேடுவாள். கிடைக்காமல் கையைப் பிசைவாள். 'அண்ணே, நீங்கதான் எதாச்சும் பண்ணணும்' என்று வந்து நிற்பாள். அப்போது எங்கேயோ அலைந்து வாங்கிவந்த மாதிரி புட்டியை எடுத்து, தன் கையாலேயே சொட்டு விட வேண்டும்.

"அண்ணே, அயோடின் எங்க?"

"தீந்துபோச்சு டீச்சர். ரோடு தொறந்தாத்தான் வரும்."

மணிமொழி கையைப் பிசையவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "மரம் வெட்டினதுல யாரு வூட்லயாச்சும் காயம் பட்டுச்சாப்பா?"

இளஞ்செழியன் எழுந்தான். "எங்க அண்ணனுக்குக் கோடாலி கால்ல எறங்கிடுச்சு டீச்சர். கட்டுப் போட்டுக்கினு கெடக்குது."

"காயத்துக்கு இன்னா போடறீங்க?"

"டிஞ்சரு."

"ஓடிப் போயி கொஞ்சம் எடுத்துக்கினு வா. அதுலயும் அயோடின்தான் இருக்குது."

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. டிஞ்சரை அவரும் எத்தனையோ தடவை காலில் தடவியிருக்கிறார். அதற்குள்ளும் இதுதான் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை.

பையன் வருகிற வரைக்கும் அவள் சும்மா இருந்தாளா? பத்துப் பேரை எழுப்பி நிற்க வைத்தாள். "போன வாரம் ரோட்டுல எப்படி நின்னீங்க? கையக் கோத்துக்கினு காட்டுங்க." கோத்துக்கொண்டு நின்றார்கள். "ஒவ்வொருத்தரும் ஒரு குளுக்கோசு. தனியா இருந்தா இனிக்கும். இப்படி நூத்துக்கணக்குல கோத்துக்கினா அது தரசம், இனிப்பு போயிடும். ஒவ்வொரு கை சேரும்போதும் ஒரு தண்ணி மூலக்கூறு வெளியில வரும்."

"போலீசு வந்தா டீச்சர்?" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

"வந்து ஒவ்வொருத்தரா பிரிச்சாங்க இல்ல? அந்த வேலைய எச்சில்ல இருக்கற நொதி செய்யுது. அதான் கெழங்க ரொம்ப நேரம் மென்னா இனிக்குது."

"அப்ப எச்சிலுதான் போலீசா!" என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது.

அப்புறம் அவள் கரும்பலகையில் சுருள் சுருளாக ஒன்றை வரைந்தாள். தரசச் சங்கிலி இப்படிச் சுருண்டிருக்கும், அயோடின் அந்தச் சுருளுக்குள் போய் உட்காரும், அதனால்தான் கறுக்கிறது என்றாள். கழுவுதொட்டிப் பக்கம் நின்ற பொன்னுரங்கம் அந்தச் சுருளையே வெறித்தார். நிறம் தன் கைராசியால் வருவதாகத்தான் இத்தனை காலமும் மனசுக்குள் வைத்திருந்தார். யார் விட்டாலும் கறுக்கும் என்றால், பத்தொன்பது வருஷமாக அவர் எதற்கு?

டிஞ்சர் வந்தது. செந்தமிழ்ச்செல்வி சொட்டு விட்டாள். ஜாஸ்தி ஊற்றவில்லை, அளவாகத்தான் விட்டாள். கிழங்கு கறுத்தது. முட்டை வெள்ளைக்கருவில் விட்டார்கள், அது பழுப்பாகவே நின்றது. அதற்கும் கை தட்டினார்கள். ஒன்றும் ஆகாததற்குக்கூட அவளுக்குத் தட்டுகிறார்களே என்று பொன்னுரங்கம் கழுவின குழாயையே மறுபடி தேய்த்தார்.

"அண்ணே, ஸ்பிரிட் விளக்க எடுத்து ஏத்துங்க. கரும்புச் சாற சூடாக்கிப் பாக்கலாம்."

விளக்கு மேசைக்கு அடியில் இருந்தது. குனிந்தார். மடியில் இருந்த புட்டியின் மூடியில் ரப்பர்க் குமிழ் வைத்த சொட்டுக்குழாய். குனிந்த குனிவில் மூடி நெகிழ்ந்தது. இடுப்பில் ஈரம் பட்டது. வேர்வை என்று நினைத்துக்கொண்டு விளக்கோடு நிமிர்ந்தார்.

"டீச்சர்! அண்ணன் வேட்டியப் பாருங்க!"

செவ்வந்தி கெட்டிக் கஞ்சி போட்டு வெளுத்த வேட்டி. அதில் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாய் ஒரு கறை இறங்கிக்கொண்டிருந்தது. மடிக்கு வெளியே புட்டியின் கழுத்து எட்டிப் பார்த்தது.

மணிமொழி புட்டியைப் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். 'கேளு, நீ ஒண்ணு கேட்டா நான் ஒம்போது கேக்கறேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மூணு மாசமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அவள் வகுப்பைப் பார்த்துக் கேட்டாள். "ஏன் கறுத்துச்சு? சொல்லுங்க."

"கஞ்சி போட்டிருக்குது டீச்சர்!"

"கஞ்சியில இன்னா இருக்குது?"

"தரசம்!"

"எழுதிக்கோங்க. அஞ்சாவது பொருள், பொன்னுரங்கம் அண்ணன் வேட்டி. முடிவு, தரசம் உண்டு."

வகுப்பு சிரிப்பில் இரண்டுபட்டது. பெஞ்சைத் தாண்டிக் குதித்து வந்து எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மணிமொழி பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

"அண்ணே, அண்ணே, இந்த முனையில நான் ஒரு சொட்டு விடட்டா?" என்று இளஞ்செழியன் வேட்டியைப் பிடித்தான்.

"தள்ளுடா. என் வேட்டி."

பொன்னுரங்கம் புட்டியை வெளியே எடுத்தார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? காய்ந்த முனையை இழுத்து இடது உள்ளங்கையில் விரித்து, எல்லாரும் பார்க்க ஒரே ஒரு சொட்டு விட்டார். கறுத்தது. கை தட்டினார்கள். கூரை அதிர்ந்தது.

தலைகளுக்கு மேலே எட்டி அவர் மணிமொழியைத் தேடினார். அவள் முகம் கொஞ்சமாவது சுண்டியிருக்கும், மூணு மாசம் தான் பட்டதில் கால்வாசியாவது அவளுக்கு எரியும் என்று ஆசையோடு பார்த்தார். சாக்பீஸ் தூள் பறக்க அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரையும்விடப் பலமாக.

இப்படிக் கை தட்டுவதற்குப் பதில் அவள் திருட்டுப் பட்டமே கட்டியிருக்கலாம் என்று தோன்றியது பொன்னுரங்கத்துக்கு. புட்டியை மேசை மேல் டொக்கென்று வைத்துவிட்டு, கழுவ வேண்டிய குழாய்களைப் பொறுக்கத் தொடங்கினார்.