மேட்டில் யாரைத் திட்டினேன்

சம்பந்தியோடு சைக்கிளில் போவது கத்தி மேல் நடக்கிற காரியம் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். என் மகளை அவர் மகனுக்குக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் இருப்பது முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. "சைக்கிள்லயே போய் நின்னு அசத்திடலாமா?" என்று கேட்டது அவர்தான். அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், சைக்கிள் பெடலை மிதித்தே பத்து வருஷம் இருக்கும். ஆனால் சம்பந்தி கேட்டு மாட்டேன் என்பதா? தலையை ஆட்டிவிட்டேன்.

முதல் மூன்று நாளும் அவர் முன்னால், நான் பின்னால். மேடு வந்தால் இரண்டு பேருக்குமே நாக்குத் தள்ளும். எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம், ஏதாவது சரியாக வராவிட்டால் வாய்விட்டு என்னையே திட்டிக்கொள்வேன். "எருமை, தண்டச்சோறு, இந்த மேட்டுக்கே மூச்சு வாங்குதா? திங்கத் தெரியுது, மிதிக்கத் தெரியலையா?" திட்டினால்தான் கால் நகரும் என்று ஒரு நம்பிக்கை. வாயோ எட்டு ஊருக்குக் கேட்கும்.

நான்காம் நாள் காலை லாட்ஜ் அறையில் கண்விழித்தால், சம்பந்தி பையைக் கட்டி முடித்திருந்தார். ஜன்னல் கம்பியில் என் பனியன் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

"பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலதானாம். சைக்கிளை மேல ஏத்திக்குவாங்களாம்," என்றார்.

"என்னாச்சு சம்பந்தி, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன, மனசுதான் கேக்கல. நான் மெதுவாத்தான் போறேன், ஒத்துக்கறேன். அதுக்காக எருமைன்னா சொல்றது? சம்பந்தியாச்சேன்னு மூணு நாளா வாயை மூடிக்கிட்டு வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளின் முகம் கண்முன்னே வந்தது. அவளுடைய மாமனாரை மூன்று நாளாக எருமை என்று துரத்திக்கொண்டு வந்திருக்கிறேன். இவர் பஸ்ஸில் போய் இறங்கி இதைச் சொன்னால் அவள் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்வாள்?

"ஐயோ, அது உங்களை இல்ல. என்னையே சொல்லிக்கிட்டேன்."

"காதுல பூ சுத்தாதீங்க. எந்த மனுஷனாவது தன்னையே தண்டச்சோறுன்னு சொல்லிக்குவானா?"

சத்தியம் செய்தும் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "நான் என்னையே திட்டிக்குவேனா இல்லையா, சம்பந்திகிட்ட சொல்லு," என்றேன்.

"அதை ஏன் கேக்கறீங்க அண்ணா," என்று என் மனைவி ஆரம்பித்தாள். சாவியைக் காணோம் என்றால் திட்டு, பட்டனை மாற்றிப் போட்டால் திட்டு, பல் விளக்கும்போது முந்தின நாள் தப்புக்குத் திட்டு. என் மானம் கப்பல் ஏறியது.

சம்பந்தி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்னைச் சொல்றதா நினைச்சு மூணு நாள் கேட்டதுக்கே எனக்குத் தூக்கம் போச்சு. நீங்க இத்தனை வருஷமா எப்படித் தூங்குனீங்க?"

நான் எழுந்துபோய் ஜன்னல் கம்பியிலிருந்த பனியனை எடுத்து மடித்தேன்.

"சரி, வர்றேன். ஒரு கண்டிஷன். இனிமே உங்களைத் திட்டணும்னா, என்னைத் திட்டறதா நினைச்சுக்கிட்டுத் திட்டுங்க. என் மூஞ்சிக்கு நேரா என்ன வார்த்தை வருமோ, அதுதான் உங்களுக்கும்."

கேட்க எளிது. அன்று முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடினேன். செயின் கழன்றபோது "மு..." என்று ஆரம்பித்து, "எல்லாருக்கும் கழலறதுதானே சம்பந்தி," என்று முடித்தேன். போனில் வழி பார்த்துச் சொல்கிற வேலை என்னுடையது; தப்பான ரோட்டில் நாலு கிலோமீட்டர் போனதற்கு, "வேடிக்கை பார்த்துக்கிட்டே வந்துட்டீங்க போல," என்பதற்கு மேல் நாக்கு எழவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் வேறென்ன பேச முடியும்? முன்னால் போனவரின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

ஆறாம் நாள், இன்னும் இருபது கிலோமீட்டர்தான். ஒரு பெரிய மேட்டின் பாதியில் என் முழங்கால் மக்கர் செய்தது. இறங்கி நின்றேன். பழைய வசவுகள் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. சம்பந்திக்கு முழங்கால் வலித்தால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன்.

"ரொம்ப வலிக்குதா? உட்காருங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

சொன்னதுமே அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயதில், நடுரோட்டில், வலிக்கிறதா என்று என்னை நானே கேட்டது அதுதான் முதல் தடவை.

மேட்டின் மேலிருந்து சம்பந்தி திரும்பிப் பார்த்தார். "என்னையா சொன்னீங்க?"

"இல்ல, என்னை," என்றேன். "வலிக்குதுங்கறார். கொஞ்ச நேரம் உட்காரப் போறார்."