புழு மனையில் பன்னிரண்டாம் நாள்

மாம்பழக்கூழ் ஆலையில் கழித்துப்போட்ட சாற்றில் சர்க்கரை கலந்து, பாக்டீரியா விட்டுப் புளிக்கவைத்தால், பதினாலு நாளில் மேலே தடித்த ஏடு ஒன்று வளரும். காயவைத்தால் அதுதான் தோல், மாட்டைக் கொல்லாத தோல். எங்கள் பட்டுப்புழு மனையின் ஒரு மூலையில் மூன்று தட்டுகளில் அது வளர்ந்துகொண்டிருந்தது. தட்டு அசையக் கூடாது. அசைந்தால் ஏடு அமிழ்ந்துவிடும், எல்லாம் வீண்.

தட்டு அசையாமல்தான் இருந்தது. என்னால்தான் முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை, விடிந்ததிலிருந்து நாலு தடவை கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து பாரதி வருகிறார். பைகள் தைத்து விற்பவர். கிழியாத ஓர் ஏட்டைக் கையில் கொடுத்தால் ஆறு மாத ஆர்டர். இல்லையென்றால் எனக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஹாஸ்டல், பத்துப் பேருக்கு ஒரு அறை. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. வாங்கிய நாளிலிருந்து அதனால் என்ன பிரயோசனம் என்று ஊரே கேட்கிறது. பத்தாவது ஃபெயிலான சித்தப்பா மகனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

"கஞ்சி ஆறுனா அதும்மேலயும்தான் ஆடை படியுது. அதுக்கு யாரும் மைக்ரோபயாலஜி படிக்கல" என்றாள் அம்மா.

"அந்த ஆடையில பை தெச்சுக் குடு பாக்கலாம்."

"வாய் மட்டும் தட்டே இல்லாம நல்லா வளந்திருக்கு."

சனிக்கிழமை இளம்புழு வருகிறது. அதற்கு மூன்று நாள் முன்பு அப்பா மனை முழுக்க பிளீச்சிங் கரைசல் அடிப்பார். அடித்தால் என் பாக்டீரியாவில் ஒன்றும் மிஞ்சாது. சண்டைக்குத் தயாராகத்தான் ஐந்தாவது தடவை போனேன்.

அப்பா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்பிரேயர் காய்ந்து கிடந்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டை பிரிக்கப்படவே இல்லை.

"இன்னும் அடிக்கலியாப்பா?"

"இந்தத் தடவ தண்ணி போதும்."

"போன தடவ பாதிப் புழு நோய் வந்து செத்துச்சே."

"எப்பவுமா வரும்?"

"வரும். செவுத்துல எல்லாம் கிருமி கெடக்கு. தண்ணிக்கு அது சாவாது."

"நீ ஒன் வேலையப் பாரு, ஜாஸ்மினு."

"இதான் என் வேல. இதத்தான் படிச்சேன்."

அவர் நிமிரவே இல்லை, விளக்குமாறும் நிற்கவில்லை. பிளீச்சிங் அடித்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். இப்படிச் செய்கிறவரிடம் எதைச் சொல்லிக் கத்துவது?

"அந்தப் பக்கம் புடிப்பா."

"எத?"

"தட்ட. வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்."

"அசையக் கூடாதுன்ன."

"ஆமா."

முதல் தட்டில் ஏடு வாசற்படியிலேயே அமிழ்ந்தது. இரண்டாவது களத்தின் நடுவில். மூன்றாவதை அடிமேல் அடி வைத்துத் தூக்கிப்போனோம். சமையலறைத் தரையில் இறக்கிவைத்தோம். ஏடு ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தது.

நான் திரும்பி வந்து ஸ்பிரேயரை நிரப்பினேன்.

"குடு, கண்ணெரியும்" என்றார் அப்பா.

"எரியட்டும்."

மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு மேல்சுவரிலிருந்து அடிக்கத் தொடங்கினேன். பாதிச் சுவர்கூட முடியவில்லை, வாசலுக்கு ஓடி வந்தேன்.

"அம்மா, அசையுதா?"

"நீ கத்துறதுலதான் அசையுது" என்றது சமையலறை.