ஒரு மணி விமானம்

தையல்காரி தன் புருஷன் கண்ணில் படாமல் ஓடிப்போக வேண்டும். போன தடவை அவன் அறைந்ததில் ஒரு காது இன்னும் அடைத்தே கிடக்கிறது. இந்தத் தடவை உயிரோடு விடமாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டான். சொன்னதைச் செய்கிற ஆள். வெளிநாட்டில் ஒரு புது ஊருக்கு வேலை மாறிப் போனவன், முதல் தடவையாக விமானத்தில் வருகிறான். அங்கே ஒரு மணிக்கு ஏறி இங்கே ஐந்து மணிக்கு இறங்குவானாம்.

தனியாகக் கிளம்ப அவளுக்குத் துணிச்சல் இல்லை. அக்கா லீவு வாங்கி வந்து சேர்ந்ததே அன்று மதியம்தான். அக்காவுக்கு பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை. மூன்றரைக்கு டாக்சி சொல்லியிருந்தார்கள்.

மூன்று மணிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. 'ஏறிட்டேன்.'

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரு மணி வண்டி மூணு மணிக்குத்தான் கிளம்புது. எங்க டிப்போவே தேவலை போலிருக்கே! ஏழு மணிக்கு முன்னாடி உன் ராஜா இறங்க மாட்டாரு."

லேட்டாகக் கிளம்பினால் லேட்டாகச் சேரும். டிப்போவில் அதுதான் கணக்கு. அந்த ஊர்க் கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்னால் ஓடுவது இருவருக்குமே தெரியாது. விமானம் சரியான நேரத்துக்குத்தான் கிளம்பியிருந்தது. பயணமே இரண்டு மணி நேரம்தான்.

டாக்சியை ஆறரைக்கு வரச் சொன்னார்கள். தங்கை, அடுத்தவர் துணியோடு ஓடினால் திருடி என்பார்கள் என்று தைத்ததையும் தைக்காததையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு, விட்டுவிட்டுப் போவதாக இருந்த தையல் மிஷின்மேல் ஆசை வந்தது. அதை மேஜையோடு பிணைத்த திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன. இருவரும் மாறி மாறித் திருகினார்கள்.

ஐந்தேமுக்காலுக்குக் கதவில் சாவி திரும்பியது.

அவன் கத்தவில்லை. கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தான். கதவைத் தாழிட்டான். பெண்டாட்டியின் முடியைச் சுருட்டிப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். இரண்டாவது மோதலில் பல் உடைந்தது. குறுக்கே விழுந்த அக்காவின் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். முறிந்த சத்தம் நன்றாகவே கேட்டது.

"கூட்டிட்டுப் போக வந்தியா? வா, ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பி வைக்கிறேன்" என்று அக்காவைத் தரையில் தள்ளிக் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினான். அக்காவின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. காலால் தரையை உதைத்தாள். பிறகு உதைப்பதும் நின்றது.

"மாமா, அக்காவை விட்டுருங்க. நான் எங்கேயும் போகலை."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கை மேஜையிலிருந்து கழன்றிருந்த மிஷினை இரு கையாலும் தூக்கினாள். அவன் தோளில் போட்டாள். சரிந்தவன் அவள் கணுக்காலைப் பிடித்தான். மறுபடியும் தூக்கி, பிடித்த கையின்மேலேயே போட்டாள். விரல்கள் அதற்குப் பிறகு எதையும் பிடிக்கவில்லை.

அக்கா இருமினாள்.

கதவைத் திறந்தால், எதிர் வீட்டு நர்ஸம்மா நின்றிருந்தாள். இத்தனை வருஷமாகக் காயத்துக்கு மருந்து போட்டவள், பழக்க தோஷத்தில் கேட்டாள்: "மறுபடியும் படியில விழுந்துட்டியாம்மா?"

"இல்லைக்கா. அவன்தான் அடிச்சான். எப்பவுமே அவன்தான்" என்றாள் தங்கை, ரத்தத்தைத் துப்பிவிட்டு. "இன்னைக்கு நானும் அடிச்சேன். உள்ளே கிடக்கிறான், உசிரு இருக்கு. முதல்ல எங்க அக்கா கையைப் பாருங்க. அப்புறம் போலீஸைக் கூப்பிடுங்க. நானே சொல்லிக்கிறேன்."